வெக்கை வரும் வழியும் போகும் வழியும்

சித்திரை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் வெக்கையைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே, அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒன்று கவனித்தேன். வெப்பம் எங்கேயிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள், அது எப்படி வெளியே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. போகிற வழியைப் பார்த்தால்தான் இதில் முக்கால்வாசி விளங்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி): எங்களுடையது மேல்மாடி, தலைக்கு மேலே சிலாப். மத்தியானத்தைக்கூடச் சமாளிக்கலாம், இரவு ஒன்பது மணிக்குத்தான் அறைக்குள் இருக்க முடிவதில்லை. ஃபேன் போட்டால் அனல் காற்றுத்தான் இறங்குகிறது. வெயில் போய் இவ்வளவு நேரம் ஆன பிறகும் ஏன் இப்படி?

பதில்: இன்றிரவு ஒன்று செய்து பாருங்கள், அம்மா. ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு கதிரையில் ஏறி, உள்ளங்கையைச் சிலாப்பில் தொடாமல் ஒரு சாண் கீழே விரித்துப் பிடியுங்கள். உள்ளங்கையில் இளஞ்சூடு படும், புறங்கையில் அவ்வளவு படாது. நீங்கள் எதையும் தொடவில்லை, காற்றும் அசையவில்லை, ஆனாலும் சூடு வந்து சேர்கிறது. கொங்கிறீற்று கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கிறது, பாடப் புத்தகம் அதைக் கதிர்வீசல் என்கிறது, அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதப் பதில்கள் எல்லாம் அதிலேதான் போய் முட்டும்.

பகல் வெயில் சிலாப்பின் மேற்பக்கத்தில் விழுகிறது. அந்தச் சூடு கொங்கிறீற்றுக்குள் துணிக்கைக்குத் துணிக்கை கைமாறித்தான் கீழே இறங்க வேண்டும், அதுதான் கடத்தல். ஐந்து அங்குலச் சிலாப் என்றால் உட்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணித்தியாலம் பிடிக்கும், வந்த பிறகும் உடனே தீர்ந்துவிடாது, அவ்வளவு கனமான பொருள் ஆறுவதற்கு நடுச்சாமம் ஆகும். அதாவது இரவு உங்கள் தலைக்கு மேலே இருப்பது பின்னேர வெயிலின் மிச்சம். ஃபேனில் குற்றமில்லை. சூடான காற்று மேலே ஏறிச் சிலாப்போடு ஒட்டி நிற்கிறது (மேற்காவுகை என்று படித்திருப்பீர்கள்), ஃபேன் அதைப் பிடித்துக் கீழே தள்ளுகிறது. தகரக் கூரை வீட்டில் கதை மாறும், மத்தியானம் உள்ளே நிற்க முடியாது, ஆனால் பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும், ஏனென்றால் தகரம் மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்க அதில் இடமில்லை.

செய்ய வேண்டியது சூடு ஏறிய பிறகு அல்ல, ஏற முதல். மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள், முடிந்தால் ஒரு முழ உயரத்தில் நிழல் வலை கட்டுங்கள். இரவில் ஒரு யன்னலில் மேசை ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்க யன்னலைத் திறந்துவிட்டால் உள்ளே நிற்கும் அனலை அது இழுத்து வெளியே தள்ளும். வாடகை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைப் பூச்சுக்கு வீட்டுக்காரர் மறுக்க மாட்டார், சிலாப் வெடிப்பதும் குறையும் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டியில் கடையொன்றில் வேலை செய்யும், ஹட்டன் பக்கத்து வாசகர்): மலையில் சூரியனுக்குக் கிட்டத்தானே இருக்கிறோம், பிறகு ஏன் அங்கே குளிர், இங்கே வெக்கை?

பதில்: சூரியன் 150 மில்லியன் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது தம்பி, இரண்டு கிலோமீற்றர் கிட்டப் போவதால் ஒன்றும் ஆகாது. காற்றைச் சூரியன் நேராகச் சுடுவதும் குறைவு. வெயில் பெரும்பாலும் காற்றை ஊடுருவி நிலத்திலும் கடலிலும் விழுகிறது, அவை சூடேறி, கீழேயிருந்துதான் காற்றைச் சுடுகின்றன, அடுப்பு கீழே இருக்கிற மாதிரி. சூடான காற்று மேலே ஏற ஏற அமுக்கம் குறையும், காற்று விரியும், விரியும்போது அது குளிரும். சராசரியாக ஒரு கிலோமீற்றர் ஏறினால் 6.5 பாகை குறையும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீற்றர், பெருக்கிப் பார்த்தால் 12 பாகை வருகிறது. கொழும்பின் ஆண்டுச் சராசரி 28 பாகைக்குக் கிட்ட, நுவரெலியாவில் 16 பாகைக்குக் கிட்ட. கணக்குச் சரியாக இருக்கிறதா?

ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்தில் உயரத்தால் மட்டும் விளங்காத ஒன்று இருக்கிறது. தை, மாசியில் வானிலை அறிக்கையில் "துகள் உறைபனி" என்று வாசிப்பார்களே, அது. ஒரு தை மாதம் நுவரெலியாவில் விடியற்காலை ஆறு மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். புல்வெளி முழுக்க உப்புத் தூவினாற்போல் வெள்ளை, மிதித்தால் நொறுக்கென்று சத்தம். நடுவில் ஒரு பெரிய மரம் நின்றது. அந்த மரத்தின் கிளை எவ்வளவு தூரத்துக்கு விரிந்திருந்ததோ அவ்வளவு தூரத்துக்குப் புல் பச்சையாகவே இருந்தது, ஒரு துளி வெள்ளை இல்லை. வட்டம் கீறி வைத்த மாதிரி. கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன்.

நடந்தது இதுதான். முகில் இல்லாத, வறண்ட காற்றுள்ள இரவில் வெளிப் புல் தன் வெப்பத்தை நேராக வானத்தைப் பார்த்து வீசிவிடுகிறது, திரும்பி வருவது குறைவு, அதனால் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து உறைந்துபோகிறது. மரத்தடிப் புல்லும் அதே அளவு வீசுகிறதுதான், ஆனால் மேலே இருக்கிற இலைகள் அதை வாங்கிக்கொண்டு, தங்கள் பங்குக்குக் கீழே திருப்பி வீசுகின்றன. மரம் புல்லுக்குப் புதிதாக வெப்பம் எதையும் உண்டாக்கித் தரவில்லை. போவதைத் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். கொழும்பு வானத்தில் அந்த மரத்தின் வேலையை நீராவி செய்கிறது. அதனால்தான் இங்கே இரவு விடிந்தாலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து சாதாரண தர மாணவி): காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 சதவீதம்தான் என்று படிக்கிறோம். 78 சதவீதம் நைதரசனும் 21 சதவீதம் ஒட்சிசனும் சும்மா இருக்க, இந்தக் கொஞ்சம் எப்படி உலகத்தையே சுட வைக்கும்? ரியூசனில் கேட்டதற்கு "பரீட்சைக்கு அது வராது" என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: வந்தாலும் வராவிட்டாலும் இது நல்ல கேள்வி பிள்ளை, இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

வீட்டில் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கண்ணாடிக் கிளாசில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். சுடுதண்ணீருக்குள் இறங்கிய சாயத்தை நிறுத்துப் பார்த்தால் நூற்றில் ஒரு பங்குகூட வராது, மிச்சமெல்லாம் தண்ணீர். ஆனால் கிளாசுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிகிறதா? தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் வெளிச்சத்தை மறிக்காது, மறிப்பது சாயம்தான். எத்தனை சதவீதம் என்பதைவிட, வெளிச்சம் போகிற பாதையில் அதைப் பிடிக்கக்கூடிய பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. நம் தலைக்கு மேலே பல கிலோமீற்றர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது, அந்தப் பாதை முழுக்க இந்த 0.04 சதவீதம் பரவியிருக்கிறது.

எதைப் பிடிக்கிறது? சூரியனின் மேற்பரப்பு கிட்டத்தட்ட 5,500 பாகை, அவ்வளவு சூடான பொருளின் ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டியதும். காற்று அதைப் பெரிதாக மறிக்காது. பூமி அவ்வளவு சூடில்லை, அதனால் அது திருப்பி வீசுவது செந்நிறக்கீழ்க் கதிர், கொட்டாஞ்சேனைச் சிலாப் வீசுகிற அதே வகை. வரும்போது ஒரு ஒளி, போகும்போது வேறு ஒளி. நைதரசனும் ஒட்சிசனும் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகள், எப்படி அதிர்ந்தாலும் இரண்டு முனையும் மின்னேற்றத்தில் ஒன்றுக்கொன்று சமமாகவே நிற்கும், அதனால் இந்தக் கதிருக்கு அவற்றில் பிடி கிடைப்பதில்லை. காபனீரொட்சைட்டு மூன்று அணு. அது வளைந்து நிமிரும், வளையும்போது அந்தச் சமநிலை குலையும், பூமி அதிகமாக வீசுகிற அலைநீளத்துக்குப் பக்கத்திலேயே அந்த வளைவுக்கு ஏற்ற அலைநீளமும் இருக்கிறது. நீராவியும் மெதேனும் தங்கள் தங்கள் இடத்தில் இதையே செய்கின்றன.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாய்தான் அதிகம் சூடேறுகிறது, ஆறவும் நேரம் எடுக்கிறது என்று எழுதி வைத்தார். 1859இல் இலண்டனில் ஜோன் டிண்டால் என்பவர் இன்னும் நுட்பமாகச் செய்தார். நீளக் குழாய், ஒரு பக்கம் வெப்பம் வீசும் பொருள், மறுபக்கம் அளக்கும் கருவி, நடுவில் வாயு. கண்ணாடி இந்தக் கதிரை மறிக்கும் என்பதால் குழாயின் இரண்டு முனையையும் மூடுவதற்கு அவர் பாவித்தது பாறை உப்பைச் சீவிய தகடுகள். அதில்தான் நைதரசனும் ஒட்சிசனும் வெப்பத்தை விட்டுவிடுகின்றன, நீராவியும் காபனீரொட்சைட்டும் பிடிக்கின்றன என்பது அளந்து தெரிந்தது. 1896இல் சுவீடனைச் சேர்ந்த அரீனியசு, காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார்.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடம். சூரியனிடமிருந்து பூமி உள்வாங்குவதை உருண்டை முழுவதற்கும் பங்கிட்டால் சதுர மீற்றருக்கு 240 வாற்று அளவு வரும். அவ்வளவையும் பூமி திருப்பி வீசியாக வேண்டும், இல்லாவிட்டால் சூடு கூடிக்கொண்டே போகும். 240 வாற்று வீசுவதற்கு ஒரு பொருள் −18 பாகையில் இருந்தால் போதும். ஆனால் நிலத்தின் சராசரி வெப்பநிலை 15 பாகை. 33 பாகை வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? நிலம் வீசுவதில் பெரும்பகுதியைக் காற்று வழியில் பிடித்துவிடுகிறது, மேலேயும் கீழேயும் திருப்பி வீசுகிறது, கடைசியில் விண்வெளிக்குத் தப்பிப் போகும் கதிர் சராசரியாக ஐந்து கிலோமீற்றர் உயரத்திலிருந்து போகிறது. ஐந்து கிலோமீற்றருக்கு, கிலோமீற்றருக்கு 6.5 பாகை வீதம் குறைத்துப் பாருங்கள், 15இல் தொடங்கினால் −18க்குக் கிட்ட வந்து நிற்கும். மேலே ஹட்டன் தம்பிக்குச் சொன்ன அதே கணக்கு.

இனிக் காபனீரொட்சைட்டைக் கூட்டினால் என்ன ஆகும்? கதிர் தப்பிப் போகும் இடம் இன்னும் உயரத்துக்குப் போகும். அங்கே காற்று இன்னும் குளிர், குளிர்ந்தது குறைவாகத்தான் வீசும், 240 வந்துகொண்டிருக்கும்போது அதைவிடக் குறைவாக வெளியே போகும். மிஞ்சியது உள்ளேயே தங்கி நிலத்தையும் கடலையும் சுடும், அந்த உயரமான இடமும் −18க்கு வரும்வரை. இரண்டு மடங்கானால் அந்த உயரம் ஏறத்தாழ 150 மீற்றர் கூடும், அது ஒரு பாகைக்குச் சமம். அதோடு நிற்காது, சூடான காற்று ஒவ்வொரு பாகைக்கும் 7 சதவீதம் அளவு கூடுதல் நீராவியைத் தாங்கும், நீராவியும் மறிக்கும், பனிக்கட்டி உருகும், எல்லாம் சேர்ந்து மூன்று பாகை அளவில் வரும் என்பது இன்றைய மதிப்பீடு. "காபனீரொட்சைட்டு ஏற்கெனவே பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்டது, இனிக் கூட்டினாலும் ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால், உயரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கைத்தொழில் பெருக முதல் மில்லியனில் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாயின் மவுனா லோவா மலையில் சாள்ஸ் கீலிங் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கிளாசில் சாயம் ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளை. உங்கள் ஆசிரியரிடம் கோபிக்க வேண்டாம், இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி (வத்தளை வாசகர்): பச்சைவீட்டு விளைவு என்கிறார்கள். நுவரெலியாவில் மரக்கறி போடுகிற பொலித்தீன் பச்சைவீடு மாதிரித்தானா?

பதில்: பெயர்தான் ஒன்று, வேலை வேறு. பொலித்தீன் வீட்டுக்குள் சூடு நிற்பதற்கு முக்கிய காரணம் உள்ளே சூடான காற்று மேலேறி வெளியே போக முடியாமல் அடைபடுவது. மெல்லிய பொலித்தீன் செந்நிறக்கீழ்க் கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடும், அப்படியிருந்தும் உள்ளே வெக்கைதானே. 1909இலேயே அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபர்ட் வூட் இதைச் சோதித்துச் சொல்லிவிட்டார், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. வளிமண்டலத்துக்குப் பொலித்தீன் கூரை கிடையாது, காற்று தாராளமாக மேலேறுகிறது, மறிபடுவது கதிர் மட்டும்தான். எனக்கு விட்டால் மரநிழல் என்றோ போர்வை என்றோ பெயர் வைப்பேன்.

கேள்வி (தெஹிவளை வாசகி): ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தானே இவ்வளவு வெயில்?

பதில்: இல்லை. ஓசோன் மறிப்பது சூரியனிலிருந்து வரும் ஊதாக்கடந்த கதிரை, அது தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல். ஓட்டை என்று சொல்லப்படுவது அந்தாட்டிக்காவுக்கு மேலே, வருடத்தில் சில மாதங்களுக்கு. 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது மெல்ல மெல்ல ஆறிவருகிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு: ஓசோனை அரித்த பழைய குளிர்சாதன வாயுக்களே வெப்பத்தைப் பிடிப்பதிலும் பலமானவை. அந்த உடன்படிக்கை இரண்டு பக்கமும் உதவியது.

கேள்வி (புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்யும் வாசகர்): வவுனியாவில் 35 பாகை, கொழும்பில் 32 என்று செய்தியில் சொல்கிறார்கள். ஊரில் 35இல் வயலில் நின்றிருக்கிறேன், இங்கே 32இல் மூட்டை தூக்கினால் தலை சுற்றுகிறது. அளப்பதில் பிழையா?

பதில்: அளப்பதில் பிழையில்லை அண்ணை, உங்கள் உடம்பு சொல்வதும் பிழையில்லை. உடம்பு சூட்டை வெளியேற்றுகிற பெரிய வழி வியர்வை, ஆனால் வியர்வை வடிவதால் அல்ல, காய்வதால்தான் குளிரும். ஒரு லீற்றர் வியர்வை தோலிலேயே முழுதாகக் காய்ந்தால், எட்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். வவுனியாவின் வறண்ட காற்றில் அது காய்கிறது. கடலோரக் கொழும்பின் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை காய இடமில்லை, சேர்ட்டை நனைத்துக் கீழே சொட்டுகிறது, சொட்டியது உங்களுக்கு உதவாமலே போய்விட்டது. அதோடு புறக்கோட்டைச் சந்துக்குள் காற்றும் இல்லை, இரண்டு பக்கச் சுவரும் தாரும் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். செய்தியில் சொல்லும் 32 நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது.

தலை சுற்றுகிறது என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், தயவுசெய்து இதை லேசாக எடுக்க வேண்டாம். தாகம் எடுக்க முதலே தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி நல்லது (இரத்த அழுத்தம், சீனி வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்டு). சேர்ட்டை நனைத்துப் போட்டு ஃபேனுக்கு முன்னால் நில்லுங்கள். பாரமான மூட்டைகளைப் பதினொரு மணிக்கு முதல் முடிக்கப் பாருங்கள், அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும், முதலாளிமார் இதை வாசித்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கூட வேலை செய்கிறவர் யாராவது உளறினால், தடுமாறினால், தோல் நெருப்பாய்ச் சுட்டால், நிழலுக்குத் தூக்கிக்கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): சூரியனே முன்பைவிடக் கூடுதலாக எரிந்தால்? நாங்கள் சும்மா புகையைக் குற்றம் சொல்கிறோமோ?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி, பார்த்தும் விட்டார்கள். 1970களின் கடைசியிலிருந்து செய்மதிகள் சூரிய ஒளியை விண்வெளியிலேயே அளக்கின்றன. 11 வருடத்துக்கொரு முறை சின்ன ஏற்ற இறக்கம் உண்டு, தொடர்ந்த ஏற்றம் இல்லை. இன்னொரு தடயம் அதைவிடப் பலமானது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். நடப்பது வேறு, கீழ்ப்பகுதி சூடாகிறது, அதற்கு மேலே இருக்கிற படைமண்டலம் குளிர்ந்துகொண்டு வருகிறது. அங்கே காபனீரொட்சைட்டு கூடினால் விண்வெளிக்கு வீசுவது கூடும், அதனால் அந்த அடுக்கு குளிரும். போர்வைக்கு உள்ளே சூடு, வெளிப்பக்கம் குளிர். இந்த ஒரு விசயம்தான் என்னை முழுதாக நம்ப வைத்தது.

கேள்வி (கிருலப்பனையிலிருந்து ஒரு சிறுவன், அம்மாவின் கையெழுத்தில்): நிழலே விழாத நாள் உண்டா?

பதில்: உண்டு, கொழும்பில் வருடத்துக்கு இரண்டு நாள். ஒன்று ஏப்ரல் 7ஆம் திகதி வாக்கில், மற்றது செப்டம்பர் தொடக்கத்தில். செப்டம்பரிலும் சூரியன் உச்சந்தலையில்தான், ஆனால் அப்போது தென்மேற்குக் காற்று வீசும், முகிலும் இருக்கும், அதனால் ஏப்ரல் மாதிரி அவியாது, ஏப்ரலில் காற்று விழுந்துவிடுகிறது. ஒரு போத்தலை மொட்டைமாடியில் நேராக நிறுத்தி வையுங்கள் தம்பி, மத்தியானம் 12 மணி 12 நிமிடத்துக்குப் பாருங்கள், நிழல் போத்தலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், பார்த்தவுடன் கீழே இறங்கிவிடுங்கள், எவ்வளவு நேரம் நிழல் இல்லாமல் இருந்தது என்று அம்மாவிடம் சொல்லி எனக்கு எழுதுங்கள்.